அவன் நொண்டக் கூடாது

பிப்ரவரி 9

அக்கா,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது நடுவிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

குதிகால் தசைநாண் அறுந்து ஆபரேஷன் முடிந்த ஒருவரை இந்த வாரம் என்னிடம் பிசியோதெரபிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காலில் முழங்கால்வரை பூட்ஸ், கக்கத்தில் கட்டை. எப்படி ஆயிற்று என்று வழக்கம்போல் கேட்டேன்.

"பாட்மிண்டன் ஆடிட்டு இருந்தேன்மா. பின்னாடி இருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஒருத்தரையும் காணோம்" என்றார்.

நாண் அறுந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மாஸ்டர், அக்கா. உனக்கு நீளம் தாண்டுதல் கற்றுக்கொடுத்த அதே மாஸ்டர். தலை நரைத்திருக்கிறது, தொப்பை விழுந்திருக்கிறது, விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். மைதானத்து வேலிக்கு வெளியே உன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

வேறு யாரிடமாவது மாற்றிவிடச் சொல்லலாம். காரணம் கேட்பார்கள். ஒரு நோயாளியைப் பற்றி வெளியே எழுதுவதே தப்பு, அதுவும் தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் அந்தக் காலைத் தொட மனம் வரவில்லை. புதன்கிழமை மறுபடி வருகிறார்.

சின்னவள்

•

பிப்ரவரி 14

சின்னவளே,

என்னடி 'அவர்'? 'வருகிறார்', 'போகிறார்' என்று மரியாதை பொங்கி வழிகிறது! இன்னொரு தடவை அவனுக்கு 'ர்' போட்டு எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

நீ வேலிக்கு வெளியே நின்றாய். உள்ளே நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். தேர்வுப் போட்டிக்கு முன்னால் என் இடது குதிகால் வீங்கி, காலையில் எழுந்தால் தரையில் ஊன்ற முடியாது. "இன்னிக்கு வேணாம் மாஸ்டர், வலிக்குது" என்றேன். உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய் அவனே ஊசி போட்டான். வலி போய்விட்டது. "வலி போச்சுல்ல? அப்ப புண்ணும் போச்சு, ஓடு" என்றான். அடுத்த வாரம் இன்னொன்று. போட்டி அன்று காலையில் இன்னொன்று. மூன்றாவது தாண்டலில் பலகையில் கால் வைத்தேன். நாண் அறுந்த சத்தம் உனக்கு வேலி வரைக்கும் கேட்டது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் என்ன செய்தான்? "சரியா வார்ம்-அப் பண்ணல, சொல் பேச்சு கேக்கல" என்று தடகளச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். அப்பாவிடம் வந்து, "எலும்பு இல்லையே சார், கட்டு போட்டா ஒட்டிக்கும்" என்றான். கட்டுப் போட்டார்கள், ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா சாகிறவரைக்கும் நான் மாஸ்டர் பேச்சைக் கேட்காததால்தான் இப்படி ஆனது என்றே நம்பினார். கால் போனதைக்கூட மன்னிப்பேன், சின்னவளே. இதை மன்னிக்கமாட்டேன்.

காயம் பட்டவர்களைத் தட்டிக்கொடுத்து மறுபடி ஓடவிடுகிற இடம் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேராதே என்றேன். நீ கேட்கவில்லை. இப்போது பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. அந்தக் கால் உன் கையில் இருக்கிறது. அதை எப்படிக் கெடுப்பது? எழுது.

அக்கா

•

பிப்ரவரி 24

அக்கா,

நீ கேட்டதை எழுதுகிறேன். எழுதுவதால் செய்வேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒரு வடக்கயிற்றைப் பிரித்தால் புரிகள் இருக்கும். புரியைப் பிரித்தால் இழைகள். இழையைப் பிரித்தால் அதைவிட மெல்லிய நார். தசைநாணும் அப்படித்தான், கயிற்றுக்குள் கயிறு. எல்லா நாரும் கெண்டைக்கால் தசையில் தொடங்கிக் குதிகால் எலும்புவரை ஒரே திசையில் ஓடும். சும்மா இருக்கும்போது அவை நேராக இருப்பதில்லை, அலை அலையாக நெளிந்திருக்கும். நீ காலை ஊன்றியதும் முதலில் அந்த நெளிவு நிமிரும். அதனால்தான் திடீர் இழுப்பை வெடுக்கென்று அறாமல் வாங்கிக்கொள்கிறது. நெளிவு நிமிர்ந்த பிறகு விறைக்கும். வாங்கிய விசையைப் பெரும்பாலும் அப்படியே திருப்பித் தரும். பலகையிலிருந்து நீ பறந்தாயே, அது தசையின் வேலை மட்டும் இல்லை. பாதிப் பறப்பு அந்த நாணில்தான் இருந்தது.

அவன் உனக்குப் போட்ட ஊசி வீக்கத்தை அடக்கும். கூடவே அந்த நார்களைப் பழுதுபார்க்கிற உயிரணுக்களையும் அடக்கிவிடும். நார் உள்ளே நலிந்துகொண்டே போகும், வலி இல்லாததால் உனக்கு ஒன்றும் தெரியாது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி.

அறுந்த நாண் ஒட்டும்போது புது நார்கள் வைக்கோல் போர் போலக் கண்டபடி விழும். எந்தப் பக்கம் அளவாக இழுத்துப் பழக்குகிறோமோ அந்தப் பக்கமாகத்தான் அவை வரிசைக்கு வரும். என் வேலை முழுக்க அந்த 'அளவாக' என்ற சொல்லில்தான் இருக்கிறது. இழுக்கவே இல்லை என்றால் வரிசை வராது. சீக்கிரமே அதிகமாக இழுத்தால் அறாது, ஆனால் நீண்டுவிடும். நீண்ட நாண் தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி. தசை எவ்வளவுதான் இழுத்தாலும் அந்தத் தொய்வை எடுப்பதிலேயே பலம் தீர்ந்துபோகும், குதிகால் எழும்பாது. நடக்கலாம், படி ஏறலாம். ஒற்றைக் காலில் எம்பி நிற்க மட்டும் ஆயுசுக்கும் முடியாது. யாராலும் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியாது. "ஒட்டிவிட்டது" என்றுதான் சொல்வார்கள்.

உன் கால் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. இந்த வேலைக்குப் படித்த தங்கச்சிக்கு ஒரு நாளாவது அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க நீ கொடுத்ததில்லை. வீட்டில் சாக்ஸோடு தூங்குகிறவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உனக்கு அடிபட்ட வாரம், நான் பள்ளியில் ஓடப் போடுகிற ஸ்பைக் ஷூ காணாமல் போயிற்று. அன்றோடு நான் ஓடுவதை விட்டேன். எடுத்தது யார்?

சின்னவள்

•

மார்ச் 2

சின்னவளே,

நீட்டிவிடு.

அக்கா

பி.கு. ஷூவைக் குப்பையில் போட்டது நான்தான். அவன் அடுத்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து ஜோடி வாங்கியிருந்தாலும் பத்தையும் போட்டிருப்பேன்.

•

மார்ச் 19

அக்கா,

நேற்று அவன் குப்புறப் படுத்திருந்தான். முழங்காலை மடக்கி, உள்ளங்காலில் என் கையை வைத்து மெல்லக் கீழே அழுத்தினேன். பாதமும் காலும் சுவரும் தரையும் மாதிரி நேர்குத்தாக வருகிற இடம் ஒன்று உண்டு. இந்தக் கட்டத்தில் அதைத் தாண்டக் கூடாது. அங்கே வந்து நின்றேன். இன்னும் ஒரு விரல்கடை அழுத்தினால் போதும். பெரிதாக வலிக்காது, அவனுக்குத் தெரியவே தெரியாது. வாராவாரம் ஒரு விரல்கடை. உன் கடிதம் அங்கிப் பையில்தான் இருந்தது.

அப்போது அவன் தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். "என்கிட்ட ஒரு பொண்ணு இருக்காம்மா. ஸ்பிரிங்குன்னுதான் கூப்பிடுவேன். காலை வெச்சா பறப்பா."

 அது அவன் உனக்கு வைத்த பெயர் இல்லையா? வீட்டில் நாங்கள்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டு வெறுப்பேற்றுவோமே. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?" என்றேன்.

"எங்கயா? வெளியிலதான் உட்கார்ந்திருக்கா, என் பையை வெச்சுக்கிட்டு. வருஷக் கடைசியில பெரிய போட்டி இருக்கு."

"இதுக்கு முன்னாடி யாரும் இருந்தாங்களா மாஸ்டர்?"

"ஏன் இல்லாம? எப்பவும் ஒரு ஸ்பிரிங் இருப்பா. ரெண்டு மூணு பேர் இருந்தாங்க. முகமெல்லாம் இப்ப ஞாபகம் இல்ல. பொண்ணுங்க வருவாங்க, போவாங்க."

என் கை தானாக அவன் காலை விட்டு விலகிவிட்டது. நல்ல மனசால் என்று நினைக்காதே. உன் காலுக்கு இவன் கால் என்று சரிக்கட்டலாம் என்றிருந்தேன். அந்தத் தராசுத் தட்டில் இன்னும் எத்தனை கால்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே போனேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது இருபதைத் தாண்டியிருக்கும். குதிகாலுக்கு மேலே நாண் உருண்டையாகத் தடித்திருந்தது. கேட்காமலே உட்கார்ந்து இரண்டு விரலால் பிடித்தேன். துள்ளிவிட்டாள்.

"எவ்ளோ நாளா வலிக்குது?"

"இப்ப வலிக்கலை. ஊசி போட்டா போயிடும்."

"போட்டது யாரு?"

உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டார்."

என்னை அக்கா என்றாள். நான் என்ன செய்யட்டும், நீ சொல்.

சின்னவள்

•

மார்ச் 27

சின்னவளே,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். துணி வெட்டுகிற மேசைக்குப் பின்னால், ஒரு காலில் பாரம் போட்டு நின்றுகொண்டு. படித்து முடித்ததும் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டரை மீட்டருக்குப் பதில் நான்கு மீட்டர் கிழித்துக் கொடுத்துவிட்டேன். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

முகம் ஞாபகம் இல்லையாமா? நான் தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதெல்லாம் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன். அவனுக்கு என் முகம் ஞாபகம் இல்லை. பெயர்கூட எனக்கென்று வைத்ததில்லை, அது ஒரு சீருடை. நான் கழற்றியதும் அடுத்தவளுக்கு மாட்டிவிட்டான்.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். 'நீட்டிவிடு' என்று எழுதியது முட்டாள்தனம். அவன் நொண்டினால் என்ன ஆகும்? பாவம், வயதான மனுஷன், மைதானத்துக்காகக் காலையே கொடுத்தவர் என்பார்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நொண்டல் ஒரு குடை, சின்னவளே. அதற்குக் கீழே ஒளிந்துகொள்வான்.

அவன் நொண்டக் கூடாது. உனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் இறக்கு. சொன்னாயே, அளவாக இழுத்து வரிசைக்குக் கொண்டுவருவது என்று, அதை ஒரு நார் விடாமல் செய். ஒருத்தர் கையையும் பிடிக்காமல் நேராக நடந்து வந்து அவன் என் முன்னால் நிற்க வேண்டும். இரக்கப்பட ஒன்றுமே மிச்சம் இருக்கக் கூடாது.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்குத்தான் நிற்க முடியாதே, நான் உட்கார்ந்தே கொல்கிறேன்.

சங்கத்தில் சேர்ந்து புகார் கொடுக்க, எனக்கு முன்னால் இருந்த ஸ்பிரிங்கைத் தேடப் போகிறேன். அந்தப் பெண்ணை விடாதே. அவளுக்கு அறுந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

அக்கா

•

ஜூலை 6

அக்கா,

பூட்ஸை எப்போதோ கழற்றியாயிற்று. இப்போது படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுகிறான். நாண் பஞ்சம் பிழைத்த உறுப்பு மாதிரி. ரத்த ஓட்டம் குறைவு, எதையும் அவசரமாகக் கட்டாது. பாரத்தைக் கொஞ்சம் ஏற்றி, உடம்பு புது நாரைப் பின்ன விட்டுவிட்டு, அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இப்படி யாருக்கும் நான் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. எங்கள் தலைமை மருத்துவர் அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கால் நாணுக்கும் நீளத்துல வித்தியாசமே இல்லை, என்ன மந்திரம் போட்டே?" என்றார். கோபம் என்று சொல்ல முடியுமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மேசையில் படுத்து அவன் சொன்னதை நான் எங்கேயும் போய்ச் சாட்சி சொல்லமாட்டேன். உனக்கு எழுதியதே அதிகம். நீ திட்டினாலும் சரி.

ஆனால் அந்தப் பெண் என் நோயாளியாகத் தானே வந்துவிட்டாள், அவனுக்குத் தெரியாமல். ஸ்கேனில் நார்கள் குலைந்து நடுவில் கருப்பாகத் தெரிகிறது. திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதோட தாண்டியிருந்தா?" என்றாள். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று உன்னைக் கேட்கவில்லை. அவள் அழவில்லை. "அந்த அக்கா நம்பர் குடுங்க" என்றாள். போட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

நீ புகார் கொடுப்பதானால் உன் காலையும் படம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வா. சாக்ஸோடு வேண்டுமானாலும் வா.

சின்னவள்

•

ஆகஸ்ட் 21

சின்னவளே,

நீ சாட்சி சொல்ல வேண்டாம். எனக்கு என் காலே போதும்.

படம் எடுத்தாயிற்று, இங்கேயே, முன்பின் தெரியாத மருத்துவரிடம். உன்னிடம் எடுத்தால் தங்கச்சி எழுதிக் கொடுத்தாள் என்று சொல்லிவிடுவான். நீ நினைத்தது சரிதான். நாண் நீண்டு, தடித்து, முடிச்சு விழுந்த மாதிரி கிடக்கிறது. அந்த மருத்துவர், "அப்பவே சரியா பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காதே" என்றார், சாதாரணமாக, பேனாவை மூடிக்கொண்டே. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு பேருந்துகளை விட்டேன்.

எனக்கு முந்தியவளைக் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளி வேன் ஓட்டுகிறாள். கிளட்ச்சை மிதிக்க இடது காலில் பலம் இல்லை, அதனால் கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடிப் பிடித்து ஓட்டுகிறாள். நான் கதவைத் தட்டி, "நானும் ஸ்பிரிங்" என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்விட்டாள்.

அந்தப் பெண்ணையும் சேர்த்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்குப் புகார் கொடுத்துவிட்டோம். அக்டோபரில் விசாரணை. அவன் நன்றாக நடக்கிறானா?

அக்கா

•

அக்டோபர் 17

சின்னவளே,

முடிந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதுகிறேன், மறக்கப்போவதில்லை என்றாலும்.

நீளமான அறை, பளபளவென்று மேசை, அதற்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் நான்கு பேர். நடுவில் ஓர் அம்மா, பழைய ஓட்டக்காரி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு. ஓரத்தில் சங்கத்து மருத்துவர். அவன் வந்தான். கட்டை இல்லை, நொண்டல் இல்லை, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். உன் கைவேலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசி ஸ்பிரிங்தான் முதலில் பேசினாள். எந்த அறை, எந்த நாள், பையில் எந்தப் பக்கத்தில் மருந்து இருக்கும் என்று தடுமாறாமல் சொன்னாள். "அந்தப் பையைத் தொறந்து காட்டுங்க" என்றார் அந்த அம்மா. "அது என் சொந்தப் பொருள்" என்று பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

ஆனால் எங்கள் இரண்டு பேர் விஷயத்தில் வழுக்கினான். "பழைய கதைங்க. இது ஊசியால அறுந்ததுன்னு யார் சொன்னா? எனக்கும்தான் இந்த வருஷம் அறுந்துச்சு, நான் என்ன ஊசியா போட்டுக்கிட்டேன்? ஒரு தடவை அறுந்தா அவ்ளோதான். யாருக்கும் பழைய மாதிரி வராது. பொண்ணுங்க விதின்னு ஏத்துக்கணும்."

மேசைக்காரர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.  என்னைப் பேசச் சொல்லவில்லை, நானே எழுந்தேன்.

"உங்களுக்கும் பழைய மாதிரி வரலையா மாஸ்டர்? பாவம். எம்பி நிக்கக்கூட முடியாதா?"

அவனுக்குத் தன்னைப் பற்றி யாரும் குறைவாகச் சொன்னால் பொறுக்காது, உனக்குத் தெரியுமே. "ஏன் முடியாது? நான் ஒழுங்கா பயிற்சி எடுத்தேன்" என்றான்.

"காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

ஷூவைக் கழற்றி, அறுந்த காலிலேயே நின்று எம்பினான். சுவரைப் பிடிக்கவில்லை. குதிகால் எவ்வளவு அழகாக மேலே போயிற்று, சின்னவளே! இறக்கி, இன்னொரு தடவையும் எம்பிக் காட்டினான், கேட்காமலே. முகத்தில் அவ்வளவு பெருமை.

அப்புறம் நான் சாக்ஸைக் கழற்றினேன். ஆமாம், எல்லோருக்கும் முன்னால். பக்கத்தில் வேன்காரியும் நின்றாள். இரண்டு பேரும் எம்பப் பார்த்தோம். உடம்பு முழுக்க நடுங்கியது, குதிகால் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

 சங்கத்து மருத்துவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பழைய மாதிரி வராதுன்னு சொன்னீங்க. உங்களுக்கு வந்திருக்கே. இந்தப் பொண்ணுங்களை யார்கிட்ட அனுப்பினீங்க?"

அவன் ஒற்றைக் காலில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். "கட்டு போட்டாங்களே..." என்றான். அவ்வளவுதான் வந்தது.

இனி எந்த மைதானத்திலும் அவன் விசில் ஊதக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மேல் எழுதி வைத்த 'சொல் பேச்சு கேட்கவில்லை' என்ற வரியை எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்ட முடியாது. அது மட்டும் நெஞ்சில் அப்படியே நிற்கிறது.

வெளியே வரும்போது அவன் என் அருகில் வந்து, "நீ யாருன்னு இப்பவும் எனக்குச் சரியா ஞாபகம் வரலம்மா" என்றான். இனி வரும் என்றேன். உங்கள் காலைச் சரி பண்ணியவள் என் கூடப் பிறந்தவள் என்றும் சொன்னேன்.

எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும்.

அக்கா

•

அக்டோபர் 25

அக்கா,

வரமாட்டான் என்று நினைத்தேன். நேற்று கடைசிப் பயிற்சிக்கு வந்தான். மேசையில் ஏறவில்லை, வாசற்படியிலேயே நின்றான். கழுத்தில் விசில் இல்லை. சட்டையில் அந்தக் கயிறு உரசிய தடம் வெளுத்துத் தெரிந்தது.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் வைத்தியம் பாத்தியா?"

"முதல் நாளே தெரியும்."

"கெடுத்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா, தெரிஞ்சிருக்காது."

காலைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். நிஜமாகவே புரியாமல் கேட்டான், அக்கா. மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "அப்ப ஏன் சரி பண்ணே?"

 அன்பு, கடமை என்று என்னென்னவோ வாயில் வந்தது. ஒன்றும் உண்மை இல்லை.

"எங்க அக்காதான் பண்ணச் சொன்னா" என்றேன்.

சின்னவள்